ஏன் அந்தக் கடை பெரிதாகவில்லை?

அன்புள்ள ஐயா,

போரும் கலவரமும் ஓயாத நாடுகளில் தெருவில் விற்றுப் பிழைப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்கிறீர்கள். அப்படியானால் பத்து வருடம் கழித்தும் ஏன் அதே சின்னக் கடையோடு நிற்கிறார்கள்? கொஞ்சம் கடன் கொடுத்து, கணக்கு எழுதவும் கற்றுக்கொடுத்தால் மேலே வந்துவிட மாட்டார்களா?

க.

அன்புள்ள க.,

நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு விரிப்பு. தரையில் கடை போடுபவர்கள் சிலர் விரிப்பின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, முனைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். போலீஸ் வண்டியோ துப்பாக்கிக்காரர்களோ வந்தால் ஒரே இழு, கடை மூட்டையாகித் தோளுக்கு ஏறிவிடும். தூக்கிக்கொண்டு ஓட முடிகிற அளவுதான் அதில் சரக்கு இருக்கும். கடன் வாங்கி அதை இரண்டு மடங்காக்கினால் ஓட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஹெய்தியில் 'மதான் சாரா' என்று அழைக்கப்படும் பெண் வியாபாரிகளைப் பாருங்கள். ஓயாமல் கத்தும் ஒரு பறவையின் பெயர் அது. மலைக் கிராமங்களில் விளைச்சலை வாங்கி, லாரியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்குக் கொண்டுவருபவர்கள். நகரத்துக்குச் சோறு போடுவதே இவர்கள்தான். இப்போது அந்த நெடுஞ்சாலைகளில் ஆயுதக் கும்பல்கள் வழிமறித்துப் பணம் பிடுங்குகின்றன. மூட்டை பெருகினால் பிடுங்குபவன் கண்ணில் முதலில் படுவது அவள்தான். எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சாலையில் இன்று போகலாம் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது. அவளுக்கு நாம் கணக்குப் பாடம் எடுப்பதா?

கடனைப் பற்றியும் சொல்கிறேன். சந்தை ஒரு வாரம் மூடினாலும் தவணை நிற்காது. பலர் காலையில் பலகாரம் விற்று, மாலையில் துணி தைத்து, நடுவில் ரீசார்ஜ் கார்டும் விற்பது இதனால்தான். ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கவனச் சிதறலாகத் தெரிகிறது.

திருப்பித் தர வேண்டாத பணத்தின் கதை வேறு. உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த வட உகாண்டாவில், 2008 வாக்கில் அரசு இளைஞர் குழுக்களுக்குத் தலைக்குச் சுமார் 380 டாலர் மானியம் கொடுத்தது. அவர்கள் தையல், தச்சு போன்ற தொழில்களைக் கற்று, கருவிகளும் வாங்கினார்கள். நான்கு ஆண்டுகளில், பணம் கிடைக்காதவர்களைவிட அவர்கள் வருமானம் 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பதாவது ஆண்டில் மற்றவர்களும் அந்த அளவை எட்டிப் பிடித்துவிட்டார்கள். அதனால் பயனில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசியில்லாமல் கழிந்த அந்த நடு ஆண்டுகள் ஒரு குழந்தைக்குச் சின்ன விஷயமா?

சரி, கடன் கொடுக்கலாம். ஆனால் நாளைக்கும் அதே இடத்தில் உட்காரலாம், வருகிற வழியில் யாரும் மறிக்க மாட்டார்கள் என்ற நிலை அதற்கு முன்பே வர வேண்டும். அது வந்தால் அந்தக் கயிற்றை அவர்களே அவிழ்த்துவிடுவார்கள்.

அன்புடன்.