நாலு தோழிகள், ரெண்டு ஸ்கூட்டி, சேலத்திலிருந்து ஏற்காடு: முதல்முறை போகிறோம், ஒரே நாளில் முடியுமா?

தாராளமாக முடியும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். ஸ்கூட்டியில் கியர் இல்லை, அதனால் கியரைக் குறைத்து வேகத்தைப் பிடிக்க முடியாது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்ஜினை அணைத்து வண்டியை உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பஸ் திரும்ப முழு வளைவும் தேவைப்படும்.

காலை ஏழுக்குள் கிளம்பினால் பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், மாலையில் லேடீஸ் சீட் பார்த்துவிடலாம். கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான். கோடையில் படியிறங்கிப் போனால் வெறும் பாறை. இருட்டும் முன், பனி மூடும் முன் அடிவாரம் வந்துவிடுங்கள். தின்பண்டக் கவரைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

ஓட்டிப் பழக்கம் குறைவென்றால் பேசாமல் பஸ்ஸில் போங்கள். தலை சுற்றாமல் இருக்க முன்பக்க சீட், கூடவே ஒரு எலுமிச்சம்பழம்.