அம்பாசடருக்கு டீசல் இன்ஜின் வேண்டாம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு அம்பாசமுத்திரம். எங்கள் வீட்டில் 1978 மாடல் மார்க் 3 அம்பாசடர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, எஸ்.யூ. கார்புரேட்டர். அப்பா வாங்கியது. அவர் இப்போது ஓட்டுவதில்லை, ஆனால் பாளையங்கோட்டைக்கு டாக்டரைப் பார்க்கப் போக இதை விட்டால் வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார். போகும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. வெயில் தாழ்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். எங்கள் மெக்கானிக் "இன்ஜின் போச்சு, பழைய அம்பாசடர் டீசல் இன்ஜின் ஒன்று கிடைக்கிறது, மாற்றிவிடலாம்" என்கிறார். அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. என்ன செய்யட்டும்? இந்த இன்ஜினை எப்படிப் பராமரிப்பது என்றும் எழுதுங்கள்.

ச.மு., அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வதுதான் சரி. காலையில் ஸ்டார்ட் ஆகி, சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்பள்ளம் தாண்டி முனகாமல் பாளைக்கு வந்து சேர்கிற இன்ஜினைப் போன இன்ஜின் என்று யாரும் சொல்லக்கூடாது.

உங்கள் வண்டியில் இருப்பது இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனி வடிவமைத்த பி சீரிஸ் இன்ஜின். 1489 சிசி, நான்கு சிலிண்டர், 73 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), சுமார் 50 குதிரைத்திறன். இதில் கார்புரேட்டரும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஓடும்போது ஃபேன் காற்று அந்த இடத்தைக் குளிர்த்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், எக்ஸாஸ்ட் சூடு மேலே ஏறி கார்புரேட்டர் கிண்ணத்தையும் பெட்ரோல் பைப்பையும் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் எதை இழுக்கும்? சித்திரை, வைகாசி பாளை வெயிலில் இது நடப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் கண்டென்சரோ காயிலோ கெட்டுப்போனாலும் இதே மாதிரிதான் செய்யும். சூட்டில் மடங்கும், ஆறினால் வேலை செய்யும். அதனால் முதலில் தீப்பொறியைப் பாருங்கள். டிக்கியில் ஒரு உபரி பிளக் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நின்றால் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி உபரி பிளக்கில் மாட்டி, கார்புரேட்டருக்குத் தள்ளி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, பளிச்சென்று வெட்டினால் கரண்ட் பக்கம் குறையில்லை. மஞ்சளாக, சோகையாக வந்தாலோ வராவிட்டாலோ கண்டென்சரை மாற்றுங்கள், அது சல்லிசு. அப்புறமும் சரியாகாவிட்டால் காயில்.

தீப்பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல்தான் கொதிக்கிறது. பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம் விடுங்கள், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். சோக்கை மட்டும் இழுக்காதீர்கள். சூடான இன்ஜினில் சோக் இழுத்தால் பிளக் நனைந்து இருக்கிற சிக்கலோடு இன்னொன்றும் சேரும். ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். நிரந்தர வைத்தியம் என்றால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சூடு தடுக்கும் கட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போது அதை யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள். பைப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போனால் விலக்கிக் கட்டுங்கள்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்து, இன்று பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். 1978 காலத்து ரப்பர் இதைத் தாங்காது. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஹோஸ் வெடித்துச் சூடான எக்ஸாஸ்டில் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எத்தனால் கலந்தால் இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளையாக இருக்கும். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒன்றிரண்டு முகம் (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்றிரண்டு) திருப்பிக் கீழே இறக்கினால் முனை காப்பிப்பொடி நிறத்துக்கு வரும், அதுதான் சரியான அளவு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். டாக்டரிடம் போகும் நாளுக்காக மட்டும் எடுக்காமல், வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை கல்லிடைக்குறிச்சிப் பக்கமாவது போய்வாருங்கள்.

டீசல் விஷயத்துக்கு வருகிறேன். அம்பாசடரின் பழைய டீசல் இன்ஜினும் இதே பி சீரிஸ் குடும்பம்தான், அதே 1489 சிசி. ஆனால் திறன் 40 குதிரைக்கும் கீழே. அதிர்வு அதிகம், சத்தம் அதிகம். எந்த வண்டியிலிருந்து இறக்கியது, எவ்வளவு ஓடியது என்று தெரியாத இன்ஜினுக்காக, வீட்டிலேயே வளர்ந்த இன்ஜினைக் கொடுப்பதா? ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் மாற்றவும் வேண்டும். வயதான மனிதர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வருகிற வண்டியில் அந்த அதிர்வை ஏன் ஏற்றவேண்டும்?

பராமரிப்பில் நான் அதிகம் வலியுறுத்துவது டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளி. வால்வ் இடைவெளி 0.015 அங்குலம், இன்ஜின் சூடாக இருக்கும்போது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவு, பிளக்குக்கு 0.025. டேப்பெட் வைக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. முன்னாலிருந்து 1 முதல் 8 வரை வால்வுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் வண்டியை மெதுவாகத் தள்ளினால் இன்ஜின் சுற்றும். எட்டாவது வால்வ் முழுசாக இறங்கி நிற்கும்போது முதலாவதைச் சரிபாருங்கள். ஆறாவது இறங்கினால் மூன்றாவது, நான்காவது இறங்கினால் ஐந்தாவது. இரண்டும் கூட்டினால் எப்போதும் 9. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக இழுபட்டு வந்தால் போதும். நீங்களே செய்யலாம், அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி அடிக்கடி குறைகிறது என்றால் கவனியுங்கள். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இந்த இன்ஜினின் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், வால்வ் வந்து அமரும் சீட் தனியாகக் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. ஈயத்தின் பாதுகாப்பு போனதும் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தேயும். எப்போதாவது ஹெட் இறக்க நேர்ந்தால் கடினமான சீட் அடித்துத் தரச் சொல்லுங்கள். அப்படியே இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் ஒரே வழியைப் பகிர்வதால் சூடு அங்கேதான் குவியும்.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் கூடாது. உப்புப் படிந்து குழாய்களை அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவார்கள், விடாதீர்கள். இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் சிலிண்டர் சீக்கிரம் தேயும். ஆயில் சாதாரண 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே போதும், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, குறைவாக ஓடினால் வருஷம் ஒருமுறை. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங் உள்ள இன்ஜின் இது. நாலுவழிச் சாலையில் 80க்கு மேல் விரட்டவேண்டாம்.

எதற்கும் முன்னால், மெக்கானிக்கிடம் கேஜ் வைத்து நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு) எடுக்கச் சொல்லுங்கள். நான்கும் தணியாமல், நெருக்கமாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். ஒன்று மட்டும் தணிந்திருந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங்ஸ், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். அந்த நான்கு எண்களையும், தீப்பொறி என்ன நிறத்தில் வந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.