முதலில் உங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்

காதும் கருவியும் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சாமானைப் பற்றியவை. காதை முழுவதும் மூடும், வயர் இல்லாத, வெளிச் சத்தத்தை அடக்கும் ('நோய்ஸ் கேன்சலிங்') விலை கூடிய ஹெட்போன். மட்டக்களப்பில் முப்பது வருடமாக ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் திருத்துகிற என் மேசைக்கும் இப்போது அதுதான் அதிகம் வருகிறது. லட்சத்துக்கு மேல் போகிற சாமான் என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். பக்கத்து வளவில் நாலு கைத்தறி. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் அடி ஓயாது. கட்டாரில் இருக்கும் நானா (அண்ணன்) நல்ல நோய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். சோனி எக்ஸ்எம்5 நல்லதா, போஸ் கியூசி அல்ட்ரா நல்லதா?
– வாசகி, மருதமுனை

பதில்: மகள், 'அடி ஓயாது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதில் முழுக்க அந்த 'அடி' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

இந்த ஹெட்போன்களின் வெளிப்புறத்திலும் உள்ளே காதுக்குப் பக்கத்திலும் சின்னஞ்சிறு மைக்குகள் உண்டு. எக்ஸ்எம்5இல் மட்டும் எட்டு. வெளிச் சத்தத்தின் அலை மேடாக எழும்போது, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பள்ளமாக ஓர் அலையைப் போடும். மேடும் பள்ளமும் சேர்ந்து தட்டையாகிவிடும். ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும் தாழ்ந்த சத்தத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பிடிபடும். விமான எஞ்சின், பஸ் எஞ்சின், ஜெனரேட்டர், தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் எல்லாம் அந்த வகை. சுமாராக 1000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு ஆயிரம் அதிர்வுக்குக் கீழேதான் அதன் பலம். அதற்கு மேலே அலை குறுகிவிடும், எதிர் அலை போட நேரம் போதாது. அங்கே காதைக் காப்பது சுற்றி அழுத்திக்கொண்டிருக்கும் மெத்தை மட்டுமே.

என் மகள் வாங்கித் தந்த எக்ஸ்எம்4ஐ (எக்ஸ்எம்5க்கு முந்திய சோனி மாடல்) மூன்று இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்து உதயதேவியில் வரும்போது வெலிக்கந்தைக்குக் கிட்ட அதைப் போட்டேன். ரயிலின் உறுமல் யாரோ கதவைச் சாத்தியது போல அப்படியே இறங்கிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் வந்தவரின் 'வடே, வடே' தெளிவாகக் கேட்டது. தண்டவாளப் பொருத்துகளின் 'டடக்'கும் மெலிந்து கேட்டுக்கொண்டே இருந்தது. சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லுக்குப் பக்கத்தில் நின்றேன், மோட்டார் இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது. மறுகா உங்கள் ஊருக்கே வந்து ஒரு தறிக்கூடத்தில் அரை மணித்தியாலம் இருந்தேன். ஓடம் பாய்ந்து பெட்டியில் மோதும் 'டக்', பின்னாலேயே பலகை வந்து நூலை நெருக்கும் 'டப்', இரண்டுமே கொஞ்சம் கூர் மழுங்கி, ஆனால் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய மாதிரிக் கேட்டன. நோய்ஸ் கேன்சலிங் சுவிட்சைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் மறைந்துபோனது மூலையில் ஓடிய ஃபேனின் சத்தம்தான்.

ஆகவே நானா கடைக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தறி ஓடும் நேரத்தில் நீங்கள் வேலை செய்யும் கதிரையில் இருந்து, இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கிப் பொத்துங்கள். பொத்தியதும் அடிச் சத்தம் தாங்கக்கூடியதாகிவிட்டால் உங்களுக்குத் தேவை நல்ல இறுக்கமான மெத்தை. பொத்திய பிறகும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் மிஞ்சி அதுதான் தொந்தரவு தருகிறது என்றால், நோய்ஸ் கேன்சலிங்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதலாவது வகை என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் வயர் உள்ள, பின்பக்கம் மூடிய ஸ்டூடியோ ஹெட்போன் போதும். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ என்று ஒன்று உண்டு. வெளிச் சத்தத்தை 32 டெசிபல் வரை மறிக்கும் என்று கம்பனியே சொல்கிறது. விலை நீங்கள் கேட்ட இரண்டில் எதற்கும் பாதிகூட வராது. தலையை இறுக்கிப் பிடிக்கும், முதல் வாரம் நோகும், பழகிவிடும். எழுத்தாக்கத்துக்குச் சொல் தெளிவாக விழ வேண்டும், அதற்கு அது நல்ல சாமான். சார்ஜ் பண்ணும் வேலையும் இல்லை.

இல்லை, பெரியதுதான் வேண்டும் என்றால் எக்ஸ்எம்5க்கும் கியூசி அல்ட்ராவுக்கும் சத்தம் அடக்குவதில் பெரிய இடைவெளி கிடையாது. இரண்டும் 250 கிராம் அளவு. பட்டரி முதலாவதில் 30 மணித்தியாலம், இரண்டாவதன் முதல் பதிப்பில் 24. எக்ஸ்எம்5 மடியாது, பெட்டி பெரியது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸை யாராவது சிபாரிசு செய்தால் நான் வேண்டாம் என்பேன். 385 கிராம், அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு மணித்தியாலம் குந்தியிருக்க முடியாது. அதன் முதல் மாடலில் சார்ஜ் இறங்கினால் வயர் போட்டும் கேட்காது. சோனியில் கரண்ட் இல்லாத நாளில் பட்டரி தீர்ந்தாலும் வயரைச் செருகி வேலையை முடிக்கலாம். சத்தம் கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம். காதுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஸ்கார்ஃப் துணியோ கண்ணாடிக் காம்போ வந்தால் அந்த இடுக்கால் சத்தம் உள்ளே வரும். உறுமலை அடக்கும் பலமும் அதோடு குறையும். வீட்டுக்குள் துணிக்கு மேலே போடாமல் நேரே காதில் போட்டுப் பாருங்கள். அடுத்தது, நோய்ஸ் கேன்சலிங் உங்கள் காதுக்கு மட்டும். நீங்கள் ஜூம் கூட்டத்தில் பேசும்போது தறிச் சத்தம் மற்றவருக்குக் கேட்பது வேறு பிரச்சினை. லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்தால், பெரும்பாலும் கேட்கும் சத்தமும் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். கூட்டத்தில் லேப்டாப்பின் மைக்கையே தெரிவு செய்யுங்கள்.

நானா வெயிலில் நின்று உழைத்த காசு, அதனால் இதையும் சொல்கிறேன். பில் போட்டுத் தரும் பெரிய கடையில் வாங்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவது உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நான் ஒருமுறை கொழும்பில் ஒரு கடையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். பெட்டி, எழுத்து, சீல் எல்லாம் அச்சாக அதேதான். கம்பனியின் செயலியைத் திறந்தால் ஹெட்போன் அதில் வரவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது விற்றவரே என்னைத் தெரியாது என்றார். அன்றைக்கு இருந்த மனநிலை உங்கள் வீட்டில் யாருக்கும் வரக் கூடாது.

கேள்வி: இந்த ஹெட்போனைக் கண்டுபிடித்தவர் இந்தியர் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பாதி உண்மை. போஸ் கம்பனியைத் தொடங்கிய அமர் போஸ் 1929இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர், தகப்பன் வங்காளி. அங்கே எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல், அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட்டை அவருடைய கம்பனி 1989இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணிகளுக்கான குவயட்கம்ஃபர்ட் 2000ஆம் ஆண்டில். சத்தத்தைச் சத்தத்தால் அழிக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பழையது. ஜெர்மனியரான பால் லூக் அதற்கு 1936இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார்.

கேள்வி: அண்ணன், இரண்டு வருடம் பாவித்த நல்ல ஹெட்போன். மெத்தை கறுப்புச் செதிலாக உரிந்து காதெல்லாம் ஒட்டுகிறது. வலது பக்கம் இடைக்கிடை 'கீ' என்று கத்துகிறது. கடையில் உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட் போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள்.
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, வாங்காதீர்கள், பொறுங்கள். கடற்கரையோரத்தில் இருக்கிறீர்கள். போன மாதம் இதே வருத்தத்தோடு ஒன்று என் மேசைக்கு வந்தது. மெத்தையைக் கழற்றினேன். உள்ளே ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை மூடியிருக்கும் வலை, கடுகளவுதான் இருக்கும். அதன் மேல் எள்ளுப் போலக் கறுப்புச் செதில்கள் வியர்வைப் பிசினோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. உலர்ந்த மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டித் தட்டி எடுத்தேன். புது மெத்தை போட்டேன். கீச்சு நின்றுவிட்டது.

காரணம் இதுதான். மெத்தையின் மேலே இருப்பது உண்மைத் தோல் கிடையாது, மெல்லிய செயற்கைப் படலம். நமது வெக்கையும் ஈரப்பதனும் வியர்வையும் சேர்ந்தால் அது உடைந்து உரியும். உரிந்ததும் காதைச் சுற்றி இடுக்கு விழும். உள்ளே இருக்கும் மைக், ஸ்பீக்கரின் சத்தத்தைப் பிழையாகக் கேட்டு, அதையே திருப்பித் திருப்பிப் பெருக்கும். கோயில் திருவிழாவில் மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் கத்துகிறதே, அதே சங்கதி.

மெத்தை வாங்கும்போது உங்கள் மாடல் இலக்கத்துக்கே உரியதைக் கேளுங்கள். கூடுதல் தடிப்பான மெத்தை சொகுசாகத் தெரியும். காது ஸ்பீக்கரிலிருந்து தள்ளிப் போவதால் பாட்டின் அடிச்சுருதி மாறும், அடக்கும் பலமும் குறையலாம். தண்ணீர், சென்ட், ஸ்பிரிட் எதுவும் வலையில் படக் கூடாது. ஈரம் இழுக்கட்டும் என்று அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தவிட்டுத் தூள் வலைக்குள் போய்விடும். பாவித்து முடிந்ததும் உடனே பெட்டியில் பூட்டாமல் நிழலில் அரை மணித்தியாலம் காற்றாட வையுங்கள், பிறகு மெத்தையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நான் இதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. என் எக்ஸ்எம்4இன் முதல் மெத்தை இன்னும் உரியவில்லை.

இவ்வளவும் செய்து கீச்சு நிற்காவிட்டால் அப்போது போர்டைப் பார்க்கலாம்.

கேள்வி: ஹெட்போனைப் போட்டு நோய்ஸ் கேன்சலிங்கை ஏற்றியதும் மலைநாட்டுக்கு பஸ்ஸில் ஏறுவது போலக் காது அடைக்கிறது. நடந்தால் என் காலடியே தலைக்குள் இடிக்கிறது. பழுதா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: பழுதில்லை. காதுக்குள் உண்மையில் காற்றழுத்தம் மாறுவதில்லை. தாழ்ந்த சத்தங்கள் சடாரென்று இல்லாமல் போனதும் மூளை அதை அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு இது கூட, சிலருக்குத் தெரிவதே இல்லை. செயலியில் அடக்கும் அளவைக் குறைத்துப் பாருங்கள், அல்லது வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும் முறைக்கு மாற்றுங்கள். காலடிச் சத்தம் எலும்பு வழியாக வருவது. நிலா நாளில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் ஒட்டி மீன் பாட்டுக் கேட்பார்கள் அல்லவா? மரம் அங்கே சத்தத்தைக் கொண்டுவருவது போல இங்கே உங்கள் எலும்பு கொண்டுவருகிறது. காது திறந்திருந்தால் அது வெளியே போய்விடும், மூடியிருப்பதால் உள்ளே தங்குகிறது. இருந்த இடத்தில் இருந்து கேட்பதற்கே இந்தச் சாமான் உகந்தது.

கேள்வி: பதின்மூன்று வயது மகன் நாள் முழுக்க இதைப் போட்டிருக்கிறான். செவி கெட்டுவிடுமா?
– தாய் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: சத்தத்தின் அளவும் நேரமும்தான் கெடுக்கும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வெளி இரைச்சல் அடங்குவதால் குறைந்த சத்தத்திலேயே கேட்க முடியும், இந்த ஹெட்போனால் கிடைக்கும் உண்மையான நன்மை அது. போனில் சத்தத்தை 60 வீதத்துக்கு மேல் போகாமல் நீங்களே வைத்துவிடுங்கள், இடையிடையே கழற்றவும் சொல்லுங்கள். வகுப்புக்குச் சைக்கிளில் போகும்போது மட்டும் அது வீட்டிலேயே இருக்கட்டும். பின்னால் வரும் பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தைத்தான் அது முதலில் அழிக்கும்.