பம்ப் ஹவுஸ் பணியிடங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

குடிநீர் வாரியம் ஒன்றின் பணியமைப்புப் பிரிவில் நெடுங்காலம் கோப்பு பார்த்தவன் நான். புதுப் பணியிடம் கேட்பது, இருக்கும் பதவியைத் தரம் உயர்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி (திருச்சி, எலக்ட்ரீஷியன்): சார், எங்கள் ஸ்டேஷன் 24 மணி நேரமும் ஓடுகிறது. மூன்று ஷிப்டுக்கு மூன்று எலக்ட்ரீஷியன் போதும் என்று கருத்துரு (அனுமதி கேட்டு மேலே அனுப்பும் முன்மொழிவு) தயார் செய்கிறார்கள். சரியா?

பதில்: போதாது. வருஷத்துக்கு 1,095 ஷிப்ட். ஒருவருக்கு வார ஓய்வு 52 நாள் போக 313. அதில் ஈட்டிய விடுப்பு 30, தற்செயல் விடுப்பு 12, அரசு விடுமுறை சுமார் 20 என்று கழித்தால் 251. 1,095-ஐ 251-ஆல் வகுத்தால் 4.36 வரும். நான்கு பேர் வந்தாலும் ஆள் பற்றாது, ஐந்து கேளுங்கள். இந்தக் கணக்கு கோப்பிலேயே இருக்கட்டும். வாயால் சொன்னால் நிதிப் பிரிவு கேட்காது.

கேள்வி (ஈரோடு, ஹெல்பர்): ஐ.டி.ஐ. பிட்டர் முடித்தவன். பல வருஷமாகப் பிட்டர் வேலைதான் பார்க்கிறேன். பதவி மட்டும் ஹெல்பர். மனு மேல் மனு கொடுத்தும் பலனில்லை.

பதில்: மனுவில் உங்கள் கஷ்டத்தை எழுதியிருப்பீர்கள். கோப்பைப் பரிசீலிப்பவர்கள் பார்ப்பது அந்தப் பணியிடத்தின் வேலையை. அது லாக் புக்கில் (ஸ்டேஷனின் தினசரி வேலைப் பதிவேட்டில்) இருக்க வேண்டும். 'பம்ப் பழுது பார்க்கப்பட்டது' என்ற வரியால் பயனில்லை, யார் பார்த்தது என்றே தெரியாது. '2-ஆம் பம்பில் கிளாண்ட் பேக்கிங் மாற்றினேன், சொட்டு நின்று போகாத அளவுக்கு இறுக்கினேன், ஷாப்ட் ஸ்லீவில் தேய்மானம் உண்டு, டயல் கேஜ் வைத்து கப்ளிங் அலைன்மென்ட் சரிபார்த்தேன்' என்று எழுதி ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) கையெழுத்து வாங்குங்கள். கிளாண்ட் பேக்கிங் என்பது பம்ப் ஷாப்டைச் சுற்றி நீர்க்கசிவைக் கட்டுப்படுத்தும் அடைப்பு. சொட்டு நிற்கும் வரை அதை இறுக்கினால் ஷாப்டின் மேலுறையான ஸ்லீவ் சூடேறிக் கெட்டுப்போகும். இது தெரிந்து செய்பவர் திறன் பெற்ற தொழிலாளிதான் என்பதற்கு அந்த வரியே சாட்சி. ஒரு வருஷப் பதிவுகளின் நகலோடு மனு போகட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தரம் உயர்வது பணியிடம். அதில் உங்களைத்தான் உட்கார வைப்பார்கள் என்று உறுதி இல்லை, பணிமூப்பில் மேலே இருப்பவர் வந்துவிடலாம். அதனால் 'தற்போது பணிபுரிபவருடன் தரம் உயர்த்தப்படுகிறது' என்ற வாசகம் கருத்துருவிலேயே வர வேண்டும்.

கேள்வி (மதுரை): தேர்வு நிலை வாங்கியிருக்கிறேன். மறுவகைப்பாட்டில் அது போய்விடுமா அண்ணா?

பதில்: தேர்வு நிலை என்பது ஒரே பதவியில் குறிப்பிட்ட காலம் பணியாற்றியவருக்குக் கிடைக்கும் உயர் ஊதிய நிலை. அதனால் பதவி வேறு வகைக்கு மாறும்போது (மறுவகைப்பாடு) பழைய பணிக்காலம் புதுப் பதவியில் எண்ணப்படுமா என்பதை ஆணையில் தேடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் அப்போதே எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி (சென்னை, ஒப்பந்த பம்ப் ஆபரேட்டர்): 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரமாமே?

பதில்: 1981-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, தம்பி. 24 மாதத்தில் 480 நாள். ஆனால் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கு 'உன் முதலாளி யார்' என்பதிலேயே வழக்கு தொடங்கும். அதோடு 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு (முறைப்படி நியமிக்கப்படாத தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது) வந்தபின், அனுமதிக்கப்பட்ட பணியிடம் உண்டா என்பதும் முதல் வரிசைக் கேள்வியாகிவிட்டது. ஆகவே புதுப் பணியிடம் கேட்கும் கோப்பு உங்கள் வழக்குக்கும் உதவும். சங்கத்தில் 'நிரந்தரம் செய்' என்று மட்டும் முழங்குகிறார்கள். பணியிடம் உருவாக்கு என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். பி.எஃப். பதிவு, சம்பளச் சீட்டு, கேட் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி (சேலம், உதவிப் பொறியாளர்): கூடுதல் செலவு என்று நிதிப் பிரிவு திருப்பிவிட்டது. அடுத்து?

பதில்: ஆளில்லாமல் கிடக்கும் பதவிகளைச் சரண் செய்து (விட்டுக்கொடுத்து), அதற்கு ஈடாகக் கேளுங்கள். தட்டச்சர் இடம் ஏதாவது காலியாக இருக்கும். ஆனால் பராமரிப்பிலேயே உள்ள ஹெல்பர் இடங்களைச் சரண் செய்து விடாதீர்கள். அப்புறம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் பிட்டரே ஓட வேண்டியிருக்கும்.

கேள்வி (கோவை, மாணவர்): ஐ.டி.ஐ.யில் எந்த டிரேடு (தொழிற்பிரிவு) படித்தால் இந்தத் துறைக்கு ஏற்றது?

பதில்: பம்ப் ஆபரேட்டர் கம் மெக்கானிக் ஒரு வருஷம். பிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கும் இரண்டு வருஷம், என் ஓட்டு அதற்குத்தான். ஃப்ளோ மீட்டர் (நீரோட்ட அளவி), ஸ்காடா (கணினி வழியே தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் முறை) என்று ஸ்டேஷன்கள் மாறிவிட்டன. பதவிப் பட்டியல்தான் இன்னும் வால்வு மேன் காலத்திலேயே நிற்கிறது.