கார்டு, பைக், வீடு என்று 3 கடன் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

தயங்காமல் கார்டைத்தான். மாதம் 3.5% வட்டி என்றால், 1,00,000 ரூபாய் பாக்கிக்கு வட்டி 3,500. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 630. குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினாலும் அசலில் குறைவது வெறும் 870தான்! பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் முதலில் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து வையுங்கள்.

வீட்டில் நகை சும்மா இருக்கிறதா? மனசு கஷ்டப்படும், தெரியும். ஆனாலும் வங்கியில் ஆண்டுக்கு 10% அளவில் அடகு வைத்துக் கார்டை ஒரேயடியாக முடித்துவிடுங்கள். பைக், வீட்டுத் தவணைகள் வழக்கம்போல் போகட்டும். அப்புறம் கார்டுக்குக் கட்டிய அதே 5,000-ஐ மாதாமாதம் நகைக்கடனுக்குக் கட்டுங்கள். ஓராண்டுக் கெடு என்றால் நடுவில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். சுமார் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.