75,000 ரூபாய்க்கு மூன்று பாட்டு: கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 22. திருச்சியில் பி.காம். முடித்துவிட்டு, பாப் பாடல்களுக்கு மெட்டமைத்துப் பாடி வருகிறேன். வீட்டிலேயே பதிவு செய்து நான்கு பாடல்களை வெளியிட்டிருக்கிறேன். அதில் ஒன்று யூடியூபில் இரண்டு லட்சம் பார்வைகளைத் தாண்டிவிட்டது. வரிகள் என் விடுதி நண்பன் எழுதியவை. அந்தப் பாட்டையும், இனி நான் செய்யப்போகும் இரண்டு பாடல்களையும் சேர்த்து 75,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகச் சென்னையில் ஒரு நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டுமாம். அப்பா எனக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடலாமா? சென்னைக்குக் குடிவந்துவிட வேண்டுமா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய பதினோரு பக்கங்களையும் படித்தேன். தொகை குறைவா நிறைவா என்று அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறதே, வரிகள் நண்பன் எழுதியவை என்று, என் கண் அங்கேதான் நின்றது. நீங்கள் விற்கப் புறப்பட்டிருக்கும் பாட்டு முழுவதும் உங்களுடையது இல்லை.

ஒரு மனையை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறார். பாட்டுக்கும் வில்லங்கம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு என்பது மூன்று சொத்து. மெட்டு, அமைத்தவருடையது. வரிகள், எழுதியவருடையவை. ஒலிப்பதிவு, அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவருடையது. நீங்களே செலவழித்து, நீங்களே ஆள் சேர்த்து, உங்கள் அறையில் பதிவு செய்திருப்பதால் மெட்டும் பதிவும் உங்களுடையவை. வரிகள் நண்பருடையவை. பதிப்புரிமை அலுவலகத்தில் பதியவில்லையே என்று அவர் கவலைப்பட வேண்டியதில்லை. எழுதிய அன்றே உரிமை வந்துவிடுகிறது.

இப்போது ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவைத் திருப்புங்கள். ‘இப்படைப்பின் எல்லா உரிமைகளும் என் ஒருவனுக்கே உரியவை, வேறு எவரேனும் உரிமை கோரினால் ஏற்படும் இழப்பு முழுவதையும் நானே ஏற்பேன்’ என்று உங்கள் வாயால் சொல்லவைக்கிறார்கள். நாளை நண்பருக்கும் உங்களுக்கும் மனவருத்தம் வந்து அவர் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், 75,000 வாங்கிய கையால் அதைவிடப் பெரிய தொகையை நீங்கள் எடுத்து வைக்க நேரும். என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இளம் இசைக்காரர்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான்.

ஆகவே முதல் வேலை, அரைப்பக்கக் காகிதம். பாட்டின் பெயர், மெட்டு யார், வரிகள் யார், யாருக்கு எத்தனை சதவீதம், தேதி, இருவர் கையெழுத்து. புல்லாங்குழலோ கிட்டாரோ யாராவது வந்து வாசித்திருந்தால், எவ்வளவு கொடுத்தீர்கள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அவரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளோடு வரும் ஆயத்தத் துண்டிசைகளைச் சேர்த்திருந்தால் அதையும் குறித்துவையுங்கள். அதே துண்டை இன்னொருவரும் தன் பாட்டில் போட்டிருந்தால், யூடியூபின் தானியங்கி அடையாள முறை உங்கள் பாட்டை அவருடையது என்று காட்டிவிடுவது உண்டு.

அடுத்தது, ‘முழு உரிமையும், என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற சொற்றொடர். படிக்கும்போது எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும். ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவர் தன் ராயல்டி பங்கை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பணத்தில் தனக்குரியதை, நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. வாரிசுகளுக்குக் கொடுக்கலாம், வசூலித்துத் தருவதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். மற்றபடி ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் அது செல்லாது. அந்தப் பங்கு, வாங்கியவரோடு சரிபாதி. இந்தத் திருத்தம் சும்மா வரவில்லை. காலமெல்லாம் ஒரே தொகைக்குப் பாட்டைக் கொடுத்துவிட்டு, அது ஊரெங்கும் ஒலிப்பதை வெறுங்கையோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகப் போராடிப் பெற்றது.

ஆனால் சட்டத்தில் இருப்பது தானாக வீடு தேடி வராது. மெட்டமைப்பவராக நீங்களும் பாடலாசிரியராக உங்கள் நண்பரும் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விகிதத்தோடு பதிய வேண்டும். அந்த அரைப்பக்கக் காகிதம் அங்கேயும் உதவும்.

ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்ததில் இரண்டையும் கவனமாக நிரப்பியிருக்கிறார்கள். அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும்: ஒலிப்பதிவுக்கு மட்டும், ஐந்து அல்லது ஏழு ஆண்டு உரிமம் தருகிறேன்; அதன் பிறகு பதிவு எனக்கே திரும்ப வேண்டும். விற்பது வேறு, குத்தகைக்கு விடுவது வேறு.

பாட்டுக்கு 25,000 என்பது புதியவருக்கு அவமானமான தொகை அல்ல. என்னை உறுத்துவது ஒன்பதாம் பிரிவு: மூன்றாண்டுகளுக்கு நீங்கள் வேறெங்கும் எதையும் வெளியிடக்கூடாது. அவர்களோ இரண்டு பாட்டைத் தவிர எதையும் வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. காணொளிக்கு எவ்வளவு செலவழிப்பார்கள் என்றும் ஒரு சொல் இல்லை. 22 வயதில் மூன்றாண்டு வாய்மூடி உட்காருவதற்கு 75,000 மலிவு. நானும் ஒருமுறை, கார் பானட்டின் மேல் வைத்து, படிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். அந்த விளம்பர மெட்டு எட்டு வருடம் வானொலியில் ஓடியது. எனக்குக் கிடைத்தது 4,000 ரூபாயும் ஒரு பிரியாணியும்.

சரி, அப்பா கொடுத்த ஓராண்டுக்கு வருவோம். பார்வைகளை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் (அல்லது குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. சினிமாப் பாட்டை மறுபடி பாடிப் போட்டால் முகம் தெரியும். வருவாய் பெரும்பாலும் உரிமைதாரருக்குப் போகும்.

சென்னையில் உங்கள் வயதில் வாடகை கட்டுகிறவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு புரோகிராமிங் செய்கிறார்கள், அதாவது கீபோர்டும் கணினியும் வைத்துப் பின்னணி இசையைக் கோத்துக் கொடுப்பது. டிராக் பாடுகிறார்கள், அதாவது பெரிய பாடகர் வந்து பாடும் முன் மாதிரிக்காகப் பாடிக் கொடுப்பது. சில நேரம் அந்த மாதிரிக் குரலே படத்தில் நிலைத்துவிடும். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். விளம்பரங்களுக்கு முப்பது வினாடி மெட்டுப் போடுகிறார்கள். ஏ.ஆர். ரஹ்மானும் படங்களுக்கு முன் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு மெட்டமைத்தவர்தான். சனி ஞாயிறுகளில் திருமண வரவேற்புகளில் வாசிக்கிறார்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கரகரக்கும் மைக்கை வைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முந்நூறு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கத் தெரிந்தவருக்குக் கல்லூரி விழா மேடை எளிது.

மேடைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு கல்லூரி 40,000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூவருக்கும் தலைக்கு 6,000. வேன் 9,000. சாப்பாடு 2,000. ஒலிக்கட்டுப்பாட்டுக்கு உங்கள் ஆள் ஒருவர், 4,000. கையில் 7,000 நிற்கும். அதிலும் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீத வரிப் பிடித்தம் செய்திருந்தால், 40,000க்கு 4,000 போய், 3,000தான் மிஞ்சும். பிடித்ததை ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். பான் அட்டை கொடுக்காதவருக்குப் பிடித்தம் 20 சதவீதம். முன்பணம் பாதி வாங்காமல் வேன் ஏறாதீர்கள்.

இந்தக் கணக்கால்தான் குடிபெயர்வதை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்கிறேன். மாதம் இரண்டு முறை சென்னைக்கு ரயிலில் வந்து போங்கள். மூன்று இசைக்கூடங்களாவது உங்களைத் தாமாகக் கூப்பிடத் தொடங்கியதும் வீடு பாருங்கள்.

அடுத்த பாட்டை வெளியிடும்போது இரண்டைக் கவனியுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே புகழ்பெற்ற பாடகர் இருந்தால், இனிஷியலோ ஊர்ப் பெயரோ சேர்த்து, எல்லாத் தளங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரும். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் தொகுப்பாளர்கள் பார்வைக்குப் பாட்டை அனுப்ப, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அது அவர்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். நான் ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடச் சொல்வேன். ராத்திரி மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்பை முடித்து விடிகாலையில் வெளியிடும் அவசரத்தால் எத்தனையோ நல்ல பாட்டுகள் கேட்பாரற்றுப் போயிருக்கின்றன.

நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: வக்கீலிடம் காட்ட இரண்டு வாரம் வேண்டும், ஏழாம், ஒன்பதாம் பிரிவுகளை மாற்ற வேண்டும், பதிவுக்கு உரிமம் மட்டும் தருகிறேன். உண்மையிலேயே பாட்டைப் பிடித்தவர்கள் இரண்டு வாரம் பொறுப்பார்கள். அதற்கு முன் நண்பரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இரண்டு லட்சம் பார்வை என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.