பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

மேடம், வணக்கம். வேலூர் பக்கம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். 2006-இல் இலங்கையில் மன்னார் அடம்பனிலிருந்து அம்மாவும் நானும் தங்கச்சியும் படகில் வந்தோம். அப்பம்மாவைத் தனியே விட முடியாது, பிறகு வருகிறேன் என்று அப்பா நின்றுவிட்டார். சண்டை நெருங்கியதும் சனத்தோடு சனமாக வன்னிக்குள் போயிருக்கிறார். 2009 ஏப்ரலில், சண்டையின் கடைசிக் கட்டத்தில், முல்லைத்தீவு மாத்தளனில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதோடு சரி.

தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காட்பாடி. பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' போடச் சொல்கிறார்கள். அம்மா பொட்டு வைத்து மணவறையில் நிற்பதும் அவர்களுக்கு உறுத்துகிறது. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு அமரர் போடுவியோ?" என்று அம்மா என் மேல் பாய்கிறார். போன மாதம், அப்பா ரகசிய முகாமில் இருக்கிறார் என்று போனில் பேசிய ஒருவனுக்குத் தோட்டை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருக்கிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்மாவுக்கு உண்மையை எப்படிப் புரியவைப்பது?

– மகன், வேலூர் மாவட்டம்

பதில்:

தம்பி, எந்த உண்மையை? அப்பா இறந்துவிட்டார் என்பது உங்கள் ஊகம், இருக்கிறார் என்பது அம்மாவின் ஊகம். உடலும் கிடைக்கவில்லை, தகவலும் இல்லை. இதில் அம்மாவைத் தோற்கடித்து என்ன ஆகப்போகிறது?

செத்த வீடு என்றால் ஊர் கூடும், எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று சடங்குகள் நடக்கும், அழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காணாமல் போனவருக்கு அது எதுவும் கிடையாது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்கர், கோளாறு இவர்களிடம் இல்லை, இவர்கள் மாட்டிக்கொண்ட நிலைமையில்தான் இருக்கிறது என்றார். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் பக்கம் காணாமல் போனவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரி 20-இல் போராட்டமாகத் தெருவில் உட்கார்ந்ததும் 'எங்கள் ஆட்கள் எங்கே' என்ற கேள்வியோடுதான்.

பத்திரிகையில் 'அமரர்' வேண்டாம். அப்பா பெயர், அம்மா பெயர், 'ஆகியோரின் மகள்' என்று போட்டால் போதும், அதில் பொய் ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், அம்மாவை அனுப்பாதீர்கள். தாரை வார்க்கத் தாய்மாமன் தம்பதி நிற்கலாம், ஊர் வழக்கம்தானே. பொட்டைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லாதீர்கள். (அந்த நெற்றி யாருடையது என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது.)

பண விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இப்படிப் போன் செய்து பிடுங்குகிறவர்களிடம் பல குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. திட்டினால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் அனுப்புவார். அதற்குப் பதிலாக முறைப்படி தேடும் வழியை அவர் கையில் கொடுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் காணாமல் போனவர்களைத் தேடக் காசு வாங்குவதில்லை. இலங்கைப் போரில் காணாமல் போனதாக அவர்களிடம் பதிவானவர்களே 16,000-க்கு மேல். இலங்கையில் காணாமல் போனோர் அலுவலகம் இருக்கிறது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சான்றிதழ் தர 2016-இல் சட்டமும் வந்தது. அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்: அப்பாவின் முழுப்பெயர், தாத்தா பெயர், பிறந்த தேதி, உடம்பில் தழும்பு, கடைசியாகக் கண்டவர் யார், எங்கே. குறுக்கே பேசாதீர்கள். பதிந்தால் ஆள் வந்துவிடுவார் என்று ஆசை காட்டவும் வேண்டாம்.

அப்புறம், உங்கள் கோபம். அப்பா உங்களுக்கும்தானே இல்லாமல் போனார். கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றியே இருக்கிறது. தங்கச்சி கல்யாணத்தில் அவர் இடத்தில் நின்று அலையப்போவது நீங்கள்தான். அம்மாவுக்குத் தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், அல்லது உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால், பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.